டி.சி. முதல் பாளையங்கோட்டை வரை

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் தோலை உரிச்சிருங்க சார்." கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த தகப்பன்மார் வாத்தியாரிடம் இப்படிச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதைச் சொன்னவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. உளுந்தும் கம்பும் பருத்தியும் மழையை நம்பிக் கிடக்கிற கரிசல்காட்டில், தன் பிள்ளையாவது வெயிலில் காயாத வேலைக்குப் போகட்டும் என்ற ஏக்கத்தில், தன்னிடம் இருந்த ஒரே அதிகாரத்தை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டுப் போனவர். அந்த அதிகாரம் எல்லாப் பிள்ளைகள் மீதும் ஒரே மாதிரி விழுந்ததா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. விழவில்லை என்பதற்கான தடயங்களைப் பள்ளியில் தொடங்கி, வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம் வழியாகப் பாளையங்கோட்டை மத்தியச் சிறைவரை பார்க்க முடிகிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டு நீக்க வேண்டும் என்று 1994இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. எந்தத் தவறுக்கும் விட்டுக்கொடுப்பு இல்லை என்ற அந்த மனப்பான்மை துப்பாக்கியோடு நிற்கவில்லை. எதிர்த்துப் பேசியது, வகுப்பில் சத்தம் போட்டது என்று சில்லறைத் தவறுகளுக்கும் இறங்கியது. பள்ளி வளாகத்திலேயே போலீஸ்காரர்கள் நின்றார்கள். 2015–16 கல்வியாண்டுக்கான அந்நாட்டுக் கல்வித் துறைக் கணக்கில் கருப்பின மாணவர்கள் மொத்த மாணவர்களில் 15 சதவீதம். போலீசிடம் ஒப்படைக்கப்பட்டவர்களிலும் கைதானவர்களிலும் 31 சதவீதம். டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்ட தவறுகளுக்காக இடைநீக்கம் செய்யப்பட்ட பிள்ளை, அடுத்த ஆண்டே சிறார் நீதிமன்றத்தின் படியேறும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அந்தச் சித்திரத்தை அப்படியே பெயர்த்துக் கரிசலில் நட்டால் வேர்பிடிக்காது. அங்கே பள்ளியின் கை நீண்டு போலீசைக் கூப்பிட்டது. இங்கே பெரும்பாலும் பள்ளி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அங்கே நிறம் முகத்திலேயே தெரிந்துவிடும். இங்கே சாதி முகத்தில் தெரியாது என்பதால் பிள்ளைகள் அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கயிறு பற்றிய பேச்சு 2015இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வெளியுலகுக்கு வந்தது. இன்ன சாதிக்கு இன்ன இரட்டை நிறம் என்று கயிறு; கயிற்றுக்கு ஏற்ற பொட்டு; சட்டைப்பைக்குள் அதே நிறத்தில் தலைவர் படம். எந்தக் குழு எந்த மரத்தடியில் உட்காரும், பஸ்ஸில் யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதையெல்லாம் அந்த நிறம் தீர்மானித்தது. பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இதைக் கண்டு அரசுக்கு எழுதினார்கள். அதன் பேரில் பள்ளிக் கல்வி இயக்குநர், இப்படிப்பட்ட அடையாளங்களைத் தடுக்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். 2019 ஆகஸ்டில் அது வெளியே தெரிந்ததும் எதிர்ப்புக் குரல்கள் கிளம்பின. சுற்றறிக்கை தனக்குத் தெரியாமல் போனது என்றும் பழைய நிலையே தொடரும் என்றும் அன்றைய கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் கையிலிருந்து ஒரு கயிற்றை அவிழ்க்கக்கூட ஓர் அரசுக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்துக்கான விலையைப் பிள்ளைகளே கொடுத்தார்கள்.

2022 ஏப்ரல் 25 அன்று, திருநெல்வேலி மாவட்டம் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் கையில் கட்டிய கயிறு பற்றி வாய்ச்சண்டை மூண்டது. பிளஸ் 1 மாணவர்கள் தாக்கியதில் பிளஸ் 2 மாணவன் ஒருவன் ஏப்ரல் 30 அன்று இறந்துபோனான். ஆசிரியர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு பிள்ளை சுடுகாட்டுக்கும் மற்ற பிள்ளைகள் கூர்நோக்கு இல்லத்துக்கும் போன பிறகு வந்த ஒழுங்கு நடவடிக்கை அது.

அடுத்த ஆண்டு நாங்குநேரி. அந்த நிகழ்ச்சியில் அரிவாளைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். என் கண் நிற்கும் இடம் வேறு. பட்டியல் சாதியைச் சேர்ந்த, நன்றாகப் படிக்கிற பிளஸ் 2 மாணவன் ஒருவனை அதே பள்ளியின் ஆதிக்க சாதி மாணவர்கள் ஏவல் வேலை செய்யச் சொல்லித் துன்புறுத்தினார்கள். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்கப்பட்டதும், தாயோடு போய் நடந்ததைச் சொன்னான். அந்தப் புகார் யாரைப் பற்றியதோ அவர்கள் காதுக்கும் போனது. 2023 ஆகஸ்ட் 9 இரவு அவர்கள் அவன் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்கள் எல்லாம் சிறார்கள்.

அவன் வராமல் இருந்த அந்த நாட்களில்தான் இந்தக் கட்டுரையின் கேள்விக்கான விடை இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் அது வெறும் ஆப்சென்ட். காரணம் கேட்கப்பட்ட பிறகாவது, புகார் சொன்னவனைக் காப்பது எப்படி என்று எண்ணியிருக்க வேண்டும். நம் பள்ளிகளுக்கு இரண்டே மருந்துதான் தெரியும்: இரண்டு தரப்பையும் நிறுத்தி வைத்துத் திட்டுவது, இல்லையென்றால் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வது. இழிவுபடுத்தியவனும் இழிவுபட்டவனும் அந்த வரிசையில் ஒன்றாக நிற்கிறார்கள். சாதி என்ற சொல் மட்டும் எழாது. எழுந்தால் பிரச்சினை பெரிதாகிவிடும் என்ற பயம். அந்த மாணவன் ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு, பிளஸ் 2 தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான் என்பதை இந்த இடத்தில் எழுதாமல் கடக்க மனம் வரவில்லை. நாங்குநேரியோடு இது நிற்கவில்லை. 2025 மார்ச்சில், பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துப் பிளஸ் 1 மாணவன் ஒருவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டு வெட்டினார்கள். அவன் கைவிரல்கள் துண்டாயின. அதற்குமுன் நடந்த ஒரு கபடிப் போட்டியின் தோல்வி அதற்குப் பின்னால் இருந்தது. அந்த வழக்கிலும் சிறார்களே பிடிபட்டார்கள்.

நாங்குநேரியும் ஸ்ரீவைகுண்டமும் கரிசலுக்குத் தெற்கே, வேறு மண். ஆனால் பஸ்ஸுக்கும் பள்ளிக்கும் காவல் நிலையத்துக்கும் இடையிலான இந்த ஓட்டம் கரிசலில் பழையது. 1995 ஜூலையில் சங்கரன்கோவில் பக்கத்து வீரசிகாமணியில் பஸ் ஓட்டுநருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஏற்பட்ட கைகலப்பு, சில நாட்களில் தென்மாவட்டங்கள் முழுக்கப் பற்றியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியங்குளத்துக்குள் பெரும் போலீஸ் படை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தலைநிமிர்ந்த பட்டியல் சாதிக் கிராமம் அது. டி.வி.யும் மோட்டார் சைக்கிளும் உடைந்ததோடு, படித்த இளைஞர்களின் பாஸ்போர்ட்டுகளும் சான்றிதழ்களும் தீயில் போடப்பட்டன என்று அன்றைய செய்திகள் பதிவு செய்தன. எந்தக் காகிதத்தை எரித்தால் ஒரு தலைமுறை திரும்பவும் காட்டு வேலைக்குப் போகும் என்று எரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மோதல்கள் ஓயாததால் 1997இல் தலைவர்களின் பெயர்கள் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. பஸ்ஸின் பக்கவாட்டிலிருந்து பெயர் போனது. உள்ளே யார் எங்கே நிற்பது என்பது போகவில்லை.

இந்த மண்ணின் இன்னொரு பழைய கணக்கையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் நியாயம் கோணலாகிவிடும். இன்று ஆதிக்க சாதிகள் என்று சொல்லப்படும் கள்ளர், மறவர் சமூகங்களின் பல பிரிவுகளை வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறப்பிலேயே குற்றவாளிகள் ஆக்கியது. இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்தச் சட்டத்தின் நிழலில் பிறந்தவை. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. பிறப்பைப் பார்த்து ஒருவனைக் குற்றவாளி என்று முடிவு செய்வதன் கொடுமை என்ன என்று இந்த மண்ணின் எல்லாச் சாதிகளிலும் யாரோ ஒரு பாட்டனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நினைவு பேரனிடம் வந்து சேர்வதற்குள் வீரக் கதையாக மாறிவிட்டது. அதில் அவமானத்தின் பகுதியை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. அரிவாளை மட்டும் ஸ்டேட்டஸில் வைக்கிறான்.

கரிசலில் பள்ளியைவிட்டுப் பிள்ளைகளை வெளியே எடுத்துக்கொண்டுபோன முதல் வண்டி போலீஸ் வண்டி அல்ல, தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. விடிவதற்கு முன்னால் ஊர் ஊராக வந்து, தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் போன அந்த வண்டிகளை இன்றைக்கு நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சத்துணவு, இலவசப் பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் சேர்ந்து அந்த வண்டியைப் பெருமளவு நிறுத்தின. தமிழ்நாடு பெருமைப்படத்தக்க சாதனை அது. பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். ஒரு தெருவின் பிள்ளை இன்னொரு தெருவின் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரும் நிலை இந்த மண்ணில் பெரும் மாற்றம். அந்த மாற்றத்தைத் தாங்குவதற்கு ஆசிரியர்களுக்கு நாம் கொடுத்த பயிற்சி என்ன? பிரம்பையும் வாங்கிக்கொண்டோம். வாங்கியது சரி. அதன் இடத்தில் எதையும் கொடுக்கவில்லை.

பிரம்புக்குப் பதிலாகப் பள்ளி தானே கண்டுபிடித்துக்கொண்ட ஆயுதம் டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழ். "டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துருவேன்" என்பது கரிசல் பள்ளிகளின் அன்றாட வசனம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பாதுகாப்பு முடிகிற இடம் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பாரமாகிவிடுவான் என்று தோன்றும் பிள்ளையை அந்த ஆண்டில் மெல்ல வெளியே தள்ளுவது பல பள்ளிகளில் ரகசியமே அல்ல. 2022 மே மாதம் சட்டப்பேரவையில், ஆசிரியர்களுக்குத் தொந்தரவு கொடுக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள் என்றும், காரணம் டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்றும் பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். மாணவர்கள் ஆசிரியர்களை மிரட்டும் வீடியோக்கள் பரவிய நேரம். கோபம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் 1994இன் அமெரிக்க மனப்பான்மை தமிழில் பேசினால் இப்படித்தான் இருக்கும். காரணம் எழுதிய டி.சி.யோடு ஒரு பதினாறு வயதுப் பையன் எந்தப் பள்ளியின் வாசலுக்குப் போவான்?

'நன்னடத்தை' என்ற சொல்லை நம் நிர்வாகம் இரண்டு இடங்களில் பயன்படுத்துகிறது. ஒன்று பள்ளி கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ். மற்றது, சந்தேகத்துக்குரியவன் என்று போலீஸ் கருதும் ஆளைக் கோட்டாட்சியர் முன் நிறுத்தி எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணை. முதலாவது கிடைக்காதவன் இரண்டாவதை நோக்கி நடப்பது எப்படி என்பதை எந்தக் கரிசல் கிராமத்து டீக்கடையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டி.சி. வாங்கியவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, லோடு வண்டிக்கோ போகிறான். திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறான். ஒரு பாட்டு, ஒரு பிளக்ஸ் போர்டு, ஒரு அடிதடி. எஃப்.ஐ.ஆரில் பத்துப் பேர் எழுதும்போது, ஏற்கெனவே பள்ளியைவிட்டு விரட்டப்பட்டவன் பெயர் சுலபமாக நினைவுக்கு வருகிறது. அப்புறம் வாய்தா, ஸ்டேஷன் கையெழுத்து. பதினெட்டைத் தாண்டிவிட்டால் குண்டாஸ் என்று ஊர் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் காத்திருக்கிறது. விசாரணை இல்லாமலே ஓராண்டு உள்ளே வைக்கலாம்.

இந்த வலையில் எல்லாச் சாதிப் பையன்களும் விழுகிறார்கள். ஆனால் ஒரே ஆழத்தில் விழுவதில்லை. ஜாமீனுக்கு வரும் சொந்தக்காரர், வக்கீல் பீஸ், ஸ்டேஷனில் பேசத் தெரிந்த ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர் எல்லாம் யாருக்கு இருக்கிறார்களோ அவன் சீக்கிரம் மேலே வருகிறான். நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. விசாரணைக் கைதிகளில் அவர்கள் பங்கு ஐந்தில் ஒன்று அளவில் ஆண்டுதோறும் நிற்கிறது. தீர்ப்பு வராமல் உள்ளே கிடப்பவர்கள் பற்றிய கணக்கு அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதினெட்டுக்குக் கீழே இருப்பவனுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வேறு வாக்குறுதி தருகிறது. லாக்கப் கிடையாது, சிறை கிடையாது; இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம், திருந்துவதற்கு வாய்ப்பு, பழைய பதிவு அவன் எதிர்காலத்தைத் தொடராது. அதே சட்டம், 16 வயது நிறைந்தவன் கொலை போன்ற கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவனைப் பெரியவனைப்போல விசாரிக்கவும் கதவு திறந்து வைத்திருக்கிறது. நம் பள்ளி மோதல்களில் அரிவாள் தூக்குபவர்களின் வயது பெரும்பாலும் சரியாக அந்தக் கதவு திறக்கும் வயது.

வாக்குறுதி இல்லத்துக்குள் என்ன ஆகிறது என்பதற்குச் செங்கல்பட்டு சாட்சி. அங்குள்ள அரசுக் கூர்நோக்கு இல்லத்தில், திருட்டுப் புகாரில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். ஊழியர்கள் அடித்ததே காரணம் என்று ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2023 நவம்பரில் அறிக்கை தரப்பட்டது. நாங்குநேரிக்குப் பிறகு பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஆராய 2023 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழுவும் அதே நீதிபதி சந்துருதான். அந்த அறிக்கை 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் கொடுக்கப்பட்டது. ஒரே மனிதர் ஒரே ஆண்டில் பள்ளிக்கூடத்தையும் சிறார் இல்லத்தையும் பார்க்க நேர்ந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு துறையின் மேசைக்குப் போன அறிக்கையின் முதல் அத்தியாயம் இன்னொரு துறையின் மேசையில் கிடக்கிறது என்பது தற்செயல் அல்ல. பள்ளியில் கவனிக்கப்படாதவனே இல்லத்தில் வந்து நிற்கிறான்.

இரண்டாவது அறிக்கையின் பரிந்துரைகள் வந்த உடனே சர்ச்சையாயின. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுப்பது, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ப்பது, அந்தந்த வட்டாரத்தில் எண்ணிக்கையில் மிகுந்த சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகப் போடாமல் இருப்பது, அகர வரிசையில் மாணவர்களை உட்காரவைப்பது, கயிறும் மோதிரமும் பொட்டும் கூடாது என்பது. இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது தலைமை ஆசிரியர் பற்றியது. கயிறு மேலே தெரிகிற கொப்புளம். புகார் சொல்லப்போகிற பிள்ளை, கேட்கப்போகிறவர் யார் என்று பார்க்கிறது. அவர் தாக்கியவனின் மாமன் முறையோ சித்தப்பா முறையோ ஆகிவிட்டால் வாயைத் திறக்காது. கயிறு அறுபட்டாலும் அந்த வாய் திறக்கப்போவதில்லை.

சாதியை வீட்டிலிருந்து கொண்டுவரும் பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை என்பதற்கு எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி ஒன்றே போதும். 2023 செப்டம்பரில் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்ததால் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள். நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் ஆட்சியரும் நேரில் வந்து, உடன் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பசி உப்புமாவில் சாதி பார்ப்பதில்லை, பார்க்கச் சொல்லித் தருகிறவர்கள் பெரியவர்கள். அந்த நாளில் யாரும் பிள்ளைகளை முட்டி போடவைக்கவில்லை, டி.சி. கொடுக்கவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாதையின் கடைசியில் பாளையங்கோட்டை. அந்த மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைக்கும் பழக்கம் நெடுநாளாக இருந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், மோதலைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்ற அரசின் விளக்கம் 2014இல் ஏற்கப்பட்டது. அப்படியிருந்தும் 2021 ஏப்ரலில் நாங்குநேரிப் பக்கத்து இளைஞன் ஒருவன் அதே சிறைக்குள் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டான். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாளையங்கோட்டையில் தேவர், நாடார், பள்ளர் என்று பிரித்து வைத்ததையும் எடுத்துச் சொல்லி, சிறைகளில் சாதிப் பிரிவினையே கூடாது என்றது. பதிவேட்டில் சாதிக் கட்டத்தையும் நீக்கச் சொன்னது. ஒழுங்கைக் காப்பதற்காகச் சாதிகளைப் பிரித்துவைப்பது என்ற அந்த வாதம் நமக்குப் புதிதா? இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் சண்டை வரும் என்று செக்ஷன் மாற்றிப் போடும் தலைமை ஆசிரியரும் அதைத்தான் செய்கிறார்.

கரிசல் எழுத்து இதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுவிட்டது. கோவில்பட்டி வட்டாரத்துப் பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, அய்யாவோடு காடு மேடெல்லாம் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரத்தின் கதை. 'அசுரன்' படமாக 2019இல் அது ஊரெல்லாம் தெரிந்தது. படத்தில் நாம் சண்டையைப் பார்த்தோம். நாவலில் மேலோங்கி நிற்பது, வெட்டிய பிறகும் குழந்தையாகவே இருக்கிற ஒருவனின் பசியும் தூக்கமும் வீட்டு நினைப்பும். பிடிபட்ட எந்தப் பையனும் அந்தச் சிதம்பரத்தின் வயதுக்காரன்தான்.

செய்வதற்கு உடனே இருப்பது கணக்கெடுப்பு. அமெரிக்காவில் கருப்பினப் பிள்ளைகளுக்கு நடப்பது வெளியே தெரிந்ததற்குக் காரணம், யாரை எத்தனை நாள் நீக்கினார்கள் என்று பள்ளிவாரியாக, இனவாரியாகக் கேட்டு வெளியிட்டதுதான். நம் பள்ளிகளுக்கான கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் பெயரும் சமூகமும் வருகையும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்துக்கு வராமல் போனவர்கள் யார், தொடர்ந்து ஐந்து நாள் வராதவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து, எந்தப் பள்ளியில் என்று கோவில்பட்டி கல்வி மாவட்டம் ஒன்றில் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து வெளியிட்டால்கூடப் போதும். எந்தப் பள்ளியின் வாசலில் பாதை தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகு பள்ளிக்குத் தேவைப்படுவது, புகாரை ரகசியமாகக் கேட்டு, சொன்னவனைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, செய்தவனிடமும் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒரு ஆள். ஊர்க்காரராக இல்லாத ஆள். அந்த ஆளின் முதல் வேலை காலை ஒன்பதரை மணிக்கு, வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நேற்றும் வராத, இன்றும் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போடுவது. வீட்டில் யாரும் எடுக்காவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவது.